செல்லாச்சியின் கிளினிக் கொப்பி

"வயசு போனா அப்பிடித்தான்."

இந்த வசனத்தை எங்கட ஊர்களில எத்தனை விசயத்துக்குப் பாவிக்கிறோம் எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்கள். முழங்கால் நோகுதா, கண் மங்குதா, படியேற மூச்சு வாங்குதா, எல்லாத்துக்கும் இதே பதில்தான். சொல்லுறவருக்கும் ஆறுதல், கேட்கிறவருக்கும் ஒருவித ஆறுதல். அதுக்குப் பிறகு யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை. மனிசருக்கே இதுதான் நிலைமை எண்டால் ஒரு கிழட்டுப் பூனைக்கு யார் வேறு பதில் தேடப்போகிறார்கள்? கடந்த ஒன்பது மாதமாக நாங்கள் அந்த வேறு பதிலைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அதில் தெரிந்துகொண்ட சிலதை எழுதி வைத்தால் வேறு யாருக்காவது உதவும் என்பதால் இந்தக் கட்டுரை.

நாங்கள் நாலு பேர். முல்லைத்தீவு, மன்னார், மட்டக்களப்பு, ஹட்டன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் படிக்கிறோம். திருநெல்வேலியில் ஒரு வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் வாடகைக்கு இருக்கிறோம். முன்பக்கத்தில் வீட்டுக்கார அன்ரி தனிய இருக்கிறா. பிள்ளைகள் கனடாவில். அன்ரியோட கூட இருக்கிற ஒரே சீவன் செல்லாச்சி. சாம்பலும் வெள்ளையும் கலந்த பெட்டைப் பூனை. மகள் வெளிநாடு போன வருசம் மதிலுக்கு மேலால வந்து சேர்ந்த குட்டி எண்டபடியால் வயதைக் கணக்குப் பார்க்கிறது சுகம்: 13. பூனை வைத்தியத்தில் பாவிக்கிற கணக்குப்படி 13 வயதுப் பூனை மனிசருக்கு ஏறத்தாழ 68. அன்ரிக்கும் 68. இதைச் சொன்னபோது, "அப்ப நாங்கள் ரெண்டு பேரும் ஒரே பட்ச்" எண்டு அன்ரி சிரிச்சா.

போன புரட்டாதியில்தான் அந்த இருமல் தொடங்கியது. நிலத்தோட பதுங்கி, கழுத்தை முன்னுக்கு நீட்டி, முன்னங்கால்களை அகட்டி வைத்துக்கொண்டு கக்குவதுபோல இருமுவா. பார்க்கிறவர்கள் எல்லாரும் "மயிர் உருண்டை கக்கப் போறா" எண்டு சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் ஒன்றும் வெளியில் வராது. இருமி முடிய ஒருமுறை விழுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் எழும்பிப் போய்விடுவா. எங்களில் மன்னார்க்காரிக்குச் சின்ன வயதில் தொய்வு இருந்தது. அவள்தான் சொன்னாள், "இது வயித்துப் பிரச்சினை இல்ல. நெஞ்சில இருந்து வருகுது" எண்டு. எங்கட நாலு ஊரையும் சேர்த்தால் இந்த வருத்தத்துக்கு முட்டு, இழுப்பு, தொய்வு, வீசிங் எண்டு நாலு சொல் இருக்கு. பூனைக்கு அதில் ஒன்றும் வரும் எண்டு யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

ஏ.எல்.இல் உயிரியல் பக்கமே போகாத நாலு பேர் நாங்கள். எங்களுக்கும் செய்யக்கூடியதாக இருந்த முதல் வேலை எண்ணுறது. பூனை நல்லா நித்திரையாக இருக்கும்போது அதன் விலாவைப் பார்க்க வேண்டும். மேலே எழும்பி இறங்கினால் ஒரு மூச்சு. 30 செக்கனுக்கு எண்ணி இரண்டால் பெருக்கினால் ஒரு நிமிசக் கணக்கு. நித்திரையில் இருக்கிற பூனைக்கு அது 30க்குக் கீழே இருக்க வேண்டும். 30ஐத் தாண்டி அங்கேயே நிண்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். 40ஐத் தாண்டினால் நாளைக்குப் பார்ப்போம் எண்டு இருக்க ஏலாது. கனவு கண்டு கால் துடிக்கிற நேரம் எண்ணக்கூடாது. உறுமிக்கொண்டிருக்கிற நேரமும் எண்ணக்கூடாது. பூனை சந்தோசத்தில் மட்டும் உறுமுறதில்லை, நோவிலும் பயத்திலும்கூட உறுமும். அதனால் "உறுமுதுதானே, சுகமா இருக்கு" எண்டு நம்பியும் விடக்கூடாது.

முதல் கிழமை செல்லாச்சியின் கணக்கு 36, 38, 34, 41. ஒரு 40 பக்கக் கொப்பி வாங்கி எழுதினோம். ஆஸ்பத்திரிக்கு அன்ரி கொண்டுபோகிற கிளினிக் கொப்பியைப் பார்த்து, மேல் மட்டையில் "பெயர்: செல்லாச்சி, வயது: 13" எண்டு மட்டக்களப்புக்காரி எழுதி விட்டாள். பகிடிக்குத்தான் எழுதினாள். ஆனால் டொக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.

டொக்டரிடம் போறதும் லேசான விசயமில்லை. எங்கட பக்கத்தில் அரச கால்நடை வைத்திய அலுவலகங்களின் வேலை பெரும்பாலும் மாடு, ஆடு, கோழி. அது நியாயம்தான். ஒரு வீட்டின்ர சாப்பாடு அந்த மாட்டில் இருக்கலாம். நாங்கள் போனது ஒரு தனியார் கிளினிக்குக்கு. சந்தைக்குப் போகிற மூடிக் கூடையில் அன்ரியின் பழைய சேலைத் துண்டை விரித்து, மேலே ஒரு மெல்லிய துணி போட்டு, வெயில் ஏற முன்னம் காலமை ஏழு மணிக்கே ஓட்டோவில் ஏறினோம். மூச்சுக்குக் கஸ்ரப்படுற பூனைக்கு வெக்கையும் பயமும் இரண்டும் ஆகாது. டொக்டரும் எடுத்தவுடன் அமத்திப் பிடித்துச் சோதிக்கவில்லை. முதலில் ஒட்சிசன் போகிற பெட்டிக்குள் கொஞ்ச நேரம் விட்டு, ஆள் அமைதியான பிறகுதான் நெஞ்சில் குழாய் வைத்தா. இறுக்கிப் பிடிக்கிறதே சிலவேளை அந்தப் பூனையின் கடைசி நிமிசமாக இருக்கலாம் எண்டும் சொன்னா.

"வயசு போனா இப்பிடித்தானா டொக்டர்?" எண்டு அன்ரி கேட்டா.

"வயசு ஒரு வருத்தம் இல்லை அம்மா. வயசு போகேக்க வருத்தங்கள் வரும். எந்த வருத்தம் எண்டு பாக்கோணும்."

அதன் பிறகு அவ சொன்ன பட்டியல் நீளம். மூச்சுக்குழாய் சுருங்குகிற தொய்வாக இருக்கலாம். நெடுநாள் மூச்சுக்குழாய் அழற்சியாக இருக்கலாம். இதயத் தசை தடிப்பதாக இருக்கலாம். அது பூனைகளுக்கு அதிகம் வருகிற இதய வருத்தம். நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருக்கலாம். அப்படியெண்டால் ஊசியால் நீரை எடுத்தவுடனேயே மூச்சு லேசாகும். தைரொயிட் கூடினாலும், இரத்தம் குறைந்தாலும், கட்டி வந்தாலும் இதே மூச்சுத்தான். வெளியில் ஒரே மாதிரித் தெரிகிற இவ்வளவுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்து இன்னொன்றைக் கூட்டியும் விடலாம். "அப்பிடித்தான்" எண்ட ஒரு சொல்லுக்குள் நாங்கள் போட்டு மூடுறது இவ்வளவையும்தான்.

எக்ஸ்ரேயில் மூச்சுக்குழாய்ச் சுவர்கள் தடித்துச் சின்னச் சின்ன வளையங்களாகத் தெரிந்தன. நீர் இல்லை. இதயம் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் பூனையின் இதய வருத்தம் எக்ஸ்ரேயில் ஒளிச்சு நிற்கும், ஸ்கான் செய்தால்தான் நிச்சயமாகச் சொல்லலாம் எண்டும் டொக்டர் சொன்னா. பிரெட்னிசலோன் தொடங்கினோம். அது அழற்சியைக் குறைக்கும். ஆனால் உள்ளே ஒளிச்சிருக்கிற இதய வருத்தத்தைச் சிலவேளை வெளியில் தள்ளிவிடும், நாள்பட்டால் சீனி வருத்தத்துக்கும் வழி விடும். அதனால் மருந்து தொடங்கிய பிறகுதான் எண்ணுற வேலை இன்னும் முக்கியமானது. பத்து நாளில் கணக்கு 28க்கு இறங்கியது. அண்டைக்கு நாலு பேரும் கொத்துரொட்டி வாங்கிச் சாப்பிட்டோம்.

வீட்டை மாற்றுறது மருந்து குடுக்கிறதைவிடக் கஸ்ரம். மூச்சுக்குழாய் வருத்தம் உள்ள பூனைக்குப் புகையும் தூசும் வாசனையும் எதிரி. யாழ்ப்பாணத்து வீடொன்றில் இது மூண்டும் இல்லாத நேரம் எது? வெள்ளிக்கிழமை சாம்பிராணி. பின்னேரம் பக்கத்து வளவில் எரிக்கிற குப்பையும் பனையோலையும். எங்கட முகப் பவுடர். இரவில் நுளம்புத்திரி. சாம்பிராணியை அன்ரி முற்றத்துக்குக் கொண்டுபோனா. "சாமி வெளியிலயும் இருக்கிறார்தானே" எண்டு அவவே சமாதானமும் சொன்னா. நுளம்புத்திரிதான் பெரிய சிக்கல். கார்த்திகை மழை தொடங்கினால் டெங்கும் தொடங்கும். பூனைக்காக மனிசர் டெங்கு வாங்க ஏலாது. நாலு கட்டிலுக்கும் நுளம்பு வலை வாங்கினோம். வளவில் தண்ணி தேங்குகிற சிரட்டை, பழைய பூச்சாடி எல்லாத்தையும் கவிட்டோம். திரி கொளுத்துறதை நிப்பாட்டினோம்.

பிறகு, தூள் வறுக்கிற நாள். கனடாவுக்கு அனுப்ப அன்ரி செத்தல் மிளகாயும் மல்லியும் வறுக்கத் தொடங்கினால் எங்களுக்கே மூச்சு அடைக்கும். அந்த நாளில் செல்லாச்சி எங்கட அறையில், கதவுக்குக் கீழே ஈரத்துணி அடைச்சு, ஒரு முழுக் காலமையும் எங்கட கட்டிலில் இருப்பா. அரசியல் விஞ்ஞானப் பரீட்சைக்குப் படிச்ச ஒருத்தி முழு அலகையும் அவவுக்கு வாசிச்சுக் காட்டினதாகக் கேள்வி.

டொக்டர் அடுத்துச் சொன்னது பம்ப். மனிசருக்குப் பாவிக்கிறது போலவே மூச்சோடு இழுக்கிற ஸ்டீரொயிட் மருந்து. குளிசையைவிட உடம்பு முழுக்கப் போறது குறைவு எண்டபடியால் வயது போன பூனைக்கு நல்லது. பூனை "ஆழமா மூச்சை இழு" எண்டால் கேட்காதுதானே. அதனால் பம்புக்கும் முகத்துக்கும் நடுவில் ஒரு ஸ்பேசர், அதன் நுனியில் கைக்குழந்தைக்குப் போடுற சின்ன மாஸ்க். முதல் மூண்டு நாள் மருந்தே இல்லை. வெறும் மாஸ்க்கை நிலத்தில் வைத்து, அதற்குள் அவிச்ச சூடை மீன் துண்டு. பிறகு முகத்தில் ஒரு செக்கன், பிறகு மூண்டு. இரண்டு கிழமையில் ஏழு, எட்டு மூச்சு வரைக்கும் இருக்கப் பழகிவிட்டா. அவசரத்துக்கு சல்பியூற்றமோல் பம்ப் வேறாக இருக்கு. எந்த அளவு, எத்தனை தரம் எண்டதெல்லாம் அந்தப் பூனையைப் பார்த்த வைத்தியர் சொல்ல வேண்டியது. இதை வாசிச்சுவிட்டு வீட்டில் கிடக்கிற பம்பை எடுத்து அடிச்சுவிடாதேங்கோ.

இன்னும் இரண்டு விசயம் கட்டாயம் சொல்ல வேண்டும். "ஒரு பாதி பனடோல் குடுங்கோ" எண்டு எங்களுக்கு மூண்டு பேர் அன்பாகச் சொன்னார்கள். பூனைக்குப் பனடோல் நஞ்சு. அதை உடைச்சு வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலுக்குப் போதாது. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகிற சக்தியை இழந்துவிடும். ஒரு குளிசையே கொல்லலாம். மற்றது, நெஞ்சில் தைலம் பூசுறது. கற்பூரமும் யூக்கலிப்டசும் கலந்த எதையும் பூனையில் பூசக்கூடாது. நக்கி விழுங்கினால் அதுவும் நஞ்சுதான்.

மார்கழியில் ஒரு இரவு மருந்தெல்லாம் போதாமல் போனது. மழை விட்டு நல்ல குளிர். நாலு மணிபோல அன்ரி எங்கட யன்னலைத் தட்டினா. செல்லாச்சி வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு இருந்தா. நாய் வாயைத் திறந்து இளைக்கிறது சாதாரணம். பூனை சும்மா இருக்கேக்க வாயால் மூச்சு விட்டால் அது ஆபத்து. முரசு வெளிறிப் போயிருந்தது. எண்ணினோம், 64. தூக்கிக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது. ஆனால் யாரும் தூக்கவில்லை. பெரிய லைற்றை நிப்பாட்டி, ஃபானைத் தூரத்தில் மெதுவாகப் போட்டு, அவசரப் பம்பை அடிச்சோம். ஒருத்தி டொக்டருக்கு அழைப்பு எடுத்தாள். ஒருத்தி ஓட்டோ அண்ணாவை எழுப்பினாள். நாங்கள் கூடையோட படலைக்கு வர, றோட்டில் திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமும் போய்க்கொண்டிருந்தது. சங்கு ஊதிக்கொண்டு வந்த ஐயா கூடையைப் பார்த்தார். அந்த ஒழுங்கை முடியும்வரை சங்கு ஊதவில்லை. அவருக்கு எங்களைத் தெரியாது.

செல்லாச்சி அண்டைக்குப் பிழைச்சா. ஆனால் அதுக்குப் பிறகு இரண்டு கேள்விகள் வீட்டுக்குள் வந்துவிட்டன.

முதலாவது, ஸ்கான். இங்கே பார்க்க ஏலாவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். 300 கிலோமீற்றருக்கு மேல். வான் பிடிக்கக் காசு, தங்கக் காசு. மகாபொலக் காசு வந்தவுடன் ஆளுக்குக் கொஞ்சம் போடலாம் எண்டு இரண்டு பேர். கனடா மகளும் அனுப்புறன் எண்டா. மற்ற இரண்டு பேர் கேட்டது வேறு: திருநெல்வேலிச் சந்திக்குப் போறதுக்கே மூச்சு 50ஆகிற ஒரு ஆளை எட்டு மணித்தியாலம் வானில் வைத்திருக்கலாமா? காசு இருந்தாலும் சரியாகாத கேள்வி அது. டொக்டரிடமே கேட்டோம். இதய வருத்தத்துக்கான அறிகுறி இப்போதைக்கு இல்லை, பம்புக்குக் கேட்கிறா, பயணம்தான் பெரிய ஆபத்து எண்டு சொன்னா. போறதில்லை எண்டு முடிவெடுத்தோம். கைவிடுறதும் தேவையில்லாமல் அலைக்கழிக்காமல் விடுறதும் வெளியில் பார்த்தால் ஒண்டுபோலத்தான் தெரியும். இரண்டுக்கும் இருக்கிற வித்தியாசம் அந்தக் கொப்பியில் இருக்கு எண்டு எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

இரண்டாவது கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்கவில்லை. டொக்டர்தான் சொன்னா, ஒருநாள் மருந்துக்குக் கேட்காமல் போனால் ஊசி போட்டு அனுப்பலாம் எண்டு. அன்ரி இரண்டு நாள் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. மூண்டாம் நாள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டா, "அது நோகுமோ பிள்ளையள்?" டொக்டர் விளங்கப்படுத்தினதைச் சொன்னோம். முதலில் ஆழ்ந்த நித்திரை, பிறகுதான் இதயம் நிற்கிறது எண்டு. அன்ரி தலையாட்டினா. அண்டைக்குப் பின்னேரம் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூண்டு கேள்வி எழுதினோம். தானாகச் சாப்பிடுறாவா? சுருண்டு படுத்து நித்திரை கொள்ளுறாவா? மருந்துக்குப் பிறகு கணக்கு இறங்குதா? இதில் இரண்டுக்கு "இல்லை" எண்டு பதில் வந்து, அது மாறாமல் நிண்டால், நாங்கள் டொக்டரைக் கூப்பிடுவோம். பயத்தில் இருக்கிற இரவில் முடிவெடுக்க வேண்டாம் எண்டுதான் பகலில், தேத்தண்ணியோட எழுதி வைத்தோம்.

கம்பசில் கேட்கிறவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள், "மனிசருக்கே மருந்து இல்லாத நாட்டில பூனைக்கோ?" எண்டு. 2022இல் ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லாமல் சனம் அலைஞ்சதைப் பார்த்த ஆக்கள் நாங்களும். அந்தக் கேள்விக்கு எங்களிடம் வாதம் இல்லை. நடந்த ஒரு விசயம் மட்டும் இருக்கு.

தை மாதம் ஒருநாள் செல்லாச்சியை எண்ணிக்கொண்டிருந்த முல்லைத்தீவுக்காரி, பக்கத்துச் சாய்மனைக் கதிரையில் நித்திரையாக இருந்த அன்ரியையும் சும்மா எண்ணிப் பார்த்தாள். 26. ஆறுதலாக இருக்கிற பெரிய ஆளுக்கு அது 12க்கும் 20க்கும் இடையில் இருக்க வேண்டும். எழும்பினவுடன் கதை கேட்டோம். கொஞ்ச மாதமாகவே நேராகப் படுக்க ஏலாதாம். மூண்டு தலகணி வைச்சுத்தான் படுக்கிறதாம். கால் வீங்குதாம்.

"ஏன் அன்ரி ஒருத்தருக்கும் சொல்லேல்ல?"

"வயசு போனா..." எண்டு தொடங்கி, எங்கட முகங்களைப் பார்த்துவிட்டு நிப்பாட்டினா.

அடுத்த நாள் ஓட்டோ அண்ணா கூடை இல்லாமல் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். இதயம்தான். இப்போ குளிசை போடுறா, கால் வீக்கம் வத்திவிட்டது, இரண்டு தலகணிக்கு வந்துவிட்டா. மாதம் ஒருக்கா கிளினிக். இரண்டு கொப்பியும் ரீவிக்கு மேலே ஒண்டாக இருக்கு.

உங்கட வீட்டிலும் ஒரு கிழட்டுப் பூனை இருந்தால், இண்டைக்கு இரவு அது நித்திரையான பிறகு 30 செக்கன் எண்ணிப் பாருங்கள். காசு இல்லை, கருவி இல்லை. பக்கத்தில் வயது போன ஆக்கள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு 30 செக்கன்.

வாற மாதம் பரீட்சை முடிய நாங்கள் நாலு பேரும் ஊருக்குப் போகிறோம். அன்ரி எண்ணப் பழகிவிட்டா. நேற்று அவவின் கணக்கு 27, எங்கட கணக்கு 28. கொப்பியில் இன்னும் நாலு பக்கம்தான் மிச்சம். புதுக்கொப்பி வாங்கப் போன ஒருத்தி கடையில் நிண்டுகொண்டு அழைப்பு எடுத்தாள், "40 பக்கமோ 80 பக்கமோ?" எண்டு. நாங்கள் மூண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குசினிக்குள்ள இருந்து அன்ரிதான் கத்தினா:

"80 பக்கம் வாங்கச் சொல்லு பிள்ளை. மிஞ்சினா நான் கணக்கெழுதுவன்."